நாலு மில்லிமீட்டர் மொலியேர்

இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை. லா ஷப்பெல் கடைத்தெருவுக்குப் போய் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிவரக் கிளம்பியவன், சாயங்காலம் ஆறரைக்கு வீடு திரும்பியபோது பையில் கறிவேப்பிலை மட்டும்தான் இருந்தது. முருங்கைக்காய் இருக்க வேண்டிய இடத்தில் கலே நகர முற்றுகை இருந்தது. ஐந்து அங்கம், முழுக்கச் செய்யுள், பாரீஸ், 1765.

என் மனைவி பைக்குள் கையை விட்டாள். தோல் அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"இது என்ன காய்?"

"முதல் பதிப்பு."

"சாம்பார்ல போட்டா வேகுமா?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. லா ஷப்பெல் பாரீஸின் வடக்கே இருக்கிறது. பழைய புத்தகச் சந்தை கூடும் ழோர்ழ் பிராஸான்ஸ் பூங்கா தெற்குக் கோடியில் இருக்கிறது. போகிற வழியில்தான் எட்டிப் பார்த்தேன் என்று சொல்லவும் வழியில்லை. மெத்ரோ வரைபடம் அவளுக்கும் தெரியும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் புதுச்சேரிக்காரன். அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கியவர். நான் இங்கே தபால் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரித்து என்றால் ஊர் வாரியாக, உறையை அல்ல. ஓய்வு பெற்றதும் டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். ஸேன் நதிக்கரையோரம் நடக்க ஆரம்பித்தேன். அங்கேதான் கைப்பிடிச் சுவர்மேல் கிலோமீட்டர் கணக்கில் பச்சைப் பெட்டிகளைத் திறந்துவைத்துக்கொண்டு பழைய புத்தகக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே என் நடை நின்றுவிட்டது. "டாக்டர் நடக்கத்தானே சொன்னாரு, நிக்கச் சொல்லலையே" என்று என் மனைவி சொன்னது அந்த வாரம்தான்.

பழைய புத்தகம் சேர்ப்பவர்களில் பல ஜாதி உண்டு. நான் விழுந்தது பிரெஞ்சு நாடகங்களின் முதல் பதிப்பு என்ற கிணற்றில். காரணம் இதுதான்: பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கொர்னே, மொலியேர் என்ற நாடகாசிரியர்கள் பிரம்போடு சேர்த்து ஊட்டப்பட்டவர்கள். அடி வாங்கின இடத்தைப் பார்க்க மனுஷனுக்கு ஆசை வரும் இல்லையா, அது மாதிரி.

இந்தக் கிணற்றின் ஆழம் எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு நாடகம் அச்சேறிவிட்டால், எந்தக் குழு வேண்டுமானாலும் அதை எடுத்து நடிக்கலாம். அதனால் நாடகம் நன்றாக ஓடுகிறவரை ஆசிரியர் அச்சுக்குக் கொடுக்கவே மாட்டார். அவர் கொடுக்காவிட்டால் என்ன, திருடுகிறவன் சும்மா இருப்பானா? 1659-ல் மொலியேரின் 'லே ப்ரெஸியூஸ் ரிதிக்யூல்' சக்கைப்போடு போட்டது. பாரீஸில் ழான் ரிபூ என்று ஒரு புத்தக வியாபாரி, ஆசிரியருக்குத் தெரியாமல் அதை அச்சடிக்க அரசாங்க அனுமதியே வாங்கிவிட்டார். மொலியேர் அலறிப்புடைத்துக்கொண்டு வேறொருவரைப் பிடித்து 1660 தொடக்கத்தில் தானே அச்சிட்டார். விருப்பமில்லாமல் அச்சேறுகிறேன் என்று முன்னுரையில் புலம்பல் வேறு. அதே வருஷம் அடுத்த நாடகமான 'ஸ்கனரெல்'லை ஒரு ரசிகர் ஐந்தாறு தடவை பார்த்து மனப்பாடம் செய்துவிட்டதாகச் சொல்லி, வசனத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தார். யாரிடம்? அதே ரிபூவிடம்.

இதற்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்திருக்க மாட்டார்கள் என்றுதானே நினைப்போம்? ஐந்து வருஷம் தடையில் கிடந்த 'தார்த்யூஃப்' 1669-ல் புத்தகமாக வந்தபோது, ஆசிரியர் சொந்தச் செலவில் அச்சிட்டது, விற்பனை ழான் ரிபூ கடையில் என்று முகப்பிலேயே போட்டிருக்கிறது. திருட்டு விசிடி அடித்தவனையே கூப்பிட்டுப் படத்தின் விநியோக உரிமையைக் கொடுத்த மாதிரி. இந்தக் கதையை நான் கண்ணில் நீர் வராத குறையாகச் சொல்லி முடித்தபோது என் மனைவி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "திருடத் தெரிஞ்சவனுக்குத்தான் விக்கத் தெரியும். நீங்க எந்தக் கடையில வாங்குறீங்க?" என்றாள்.

இனி என் முதல் கொள்முதல்.

பிராஸான்ஸ் பூங்கா ஒரு காலத்தில் வோழிரார் இறைச்சிக்கூடம். வாசலில் இன்னும் இரண்டு வெண்கலக் காளைகள் நிற்கின்றன. குதிரை விற்ற கொட்டகைகளில்தான் இப்போது சனி ஞாயிறுகளில் புத்தகம் விற்கிறார்கள். அந்தக் காலத்தில் குதிரை வாங்கினவன் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கியிருப்பான். நான் அதுகூடச் செய்யவில்லை. 'லவார்', அதாவது கஞ்சன். முகப்பில் 1669. பழைய எழுத்து, பழைய அலங்காரம். விலை நூற்றிருபது யூரோ. இதயம் தவில் வாசித்தது. விற்றவர் நல்ல மனிதர். முதல் தாளின் மூலையில் பென்சிலால் ஏதோ சுருக்கெழுத்து எழுதி வைத்திருந்தார். கடைக்காரர்களின் ரகசியக் குறி என்று எண்ணிக்கொண்டு, அதை அவர் பார்க்காத நேரத்தில் கட்டைவிரலால் மறைத்தேன். விலையைத் தப்பாகப் போட்டுவிட்டார், நினைவுக்கு வந்து ஏற்றிவிடப் போகிறார் என்ற பயம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துக் காட்டினேன். அந்தக் கால அச்சில் 'எஸ்' எழுத்து நீளமாக, 'எஃப்' மாதிரியே இருக்கும். எனக்குப் பழக்கமில்லை. முட்டாளைக் குறிக்கும் 'ஸோ' என்ற சொல்லை 'ஃபோ' என்று வாசித்தேன். 'ஃபோ' என்றால் போலி. இரண்டும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன என்று அப்போது தெரியவில்லை.

என் மனைவிக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து பார்ப்பாள். கொலைக் கதையாக இருந்தால் யார் கொன்றது என்று தெரிந்துகொண்டுதான் முதல் அத்தியாயத்துக்கு வருவாள். 'கஞ்ச'னையும் அப்படியே திருப்பினாள்.

"என்னங்க, மொலியேர் எப்ப செத்தாரு?"

"1673. பிப்ரவரி 17. 'கற்பனை நோயாளி'யை நாலாவது தடவை நடித்த அன்றைக்கு ராத்திரி. மேடையிலேயே முடியாமல் போய்..."

"அப்ப இங்க ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்து சொச்சம்னு போட்டிருக்கே, யாரு போட்டது?"

பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புத்தகப் பிரியர்களுக்காக முதல் பதிப்பை அச்சு அசலாகத் திரும்ப அடித்தது. மூலையில் இருந்த பென்சில் குறி 'மறுபதிப்பு' என்பதன் சுருக்கம். நான் கட்டைவிரலால் மறைத்தது அதைத்தான்.

மொலியேரின் கஞ்சன் பத்தாயிரம் எக்யூவைத் தோட்டத்தில் புதைத்துவைத்துவிட்டுப் பறிகொடுத்துக் கதறுவான். நூற்றிருபது யூரோவுக்கு அந்தக் கதறல் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு உஷாரானேன். உஷார் என்றால், ஸ்கேல் வாங்கினேன். மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து எடுத்தது என்பது துல்லியமான தகவல். பழைய புத்தகத்தில் உயரம் முக்கியம். ஒவ்வொரு தடவை புதிதாக பைண்டிங் செய்யும்போதும் ஓரத்தை வெட்டிச் சமப்படுத்துவார்கள். முந்நூற்றைம்பது வருஷத்தில் மூன்று தடவை பைண்டரிடம் போன புத்தகம், ஸ்கூல் திறக்கும் முன்னால் சலூனுக்குப் போன பையன் மாதிரி இருக்கும். மொலியேர் காலத்துப் பன்னிரண்டு மடிப்புப் புத்தகம் மொத்தமே பதினான்கு, பதினைந்து செண்டிமீட்டர்தான். உள்ளங்கையை விரித்தால் அடங்கிவிடும். அதில் நாலு மில்லிமீட்டர் கூடுதலாக வெள்ளை ஓரம் மிஞ்சியிருந்தால் விலை எகிறிவிடும். எழுத்துக்கு அல்ல, எழுத்து இல்லாத இடத்துக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பணக்காரர்கள் செய்ததைச் சொன்னால் வயிறு எரியும். பழைய கன்றுத்தோல் அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, பேர்பெற்ற பைண்டர்களிடம் கொடுத்துச் சிவப்பு மொரோக்கோத் தோல், தங்க ஓரம் என்று ஜோடித்தார்கள். இப்போது அந்தப் பழைய அட்டைதான் வேண்டும் என்று அலைகிறார்கள்.

விற்பனைப் பட்டியல்களின் மொழியும் இந்தக் கட்டத்தில்தான் பிடிபட்டது. நம் ஊர்க் கல்யாணத் தரகர் பேச்சேதான். 'ஓரம் சற்றுக் குறைவு' என்றால் குள்ளம். 'ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள்' என்றால், என் மனைவி பார்த்தவுடன் சொன்னாள், தேமல். 'பழைய ஈரத்தின் சாயல்' என்றால் வெள்ளத்தில் போய் மீண்டது. 'பிற்கால அட்டை' என்றால் இரண்டாம் கல்யாணம். 'ஒரு தாள் குறை' என்பதை மட்டும் கடைசி வரியில், தரகர் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டே சொல்கிற தொனியில் போடுவார்கள்.

ஒரு தடவை ஆற்றின் இடதுகரைக் கடை ஒன்றில், 1671-ல் வந்த 'பூர்ழுவா ஜான்டியோம்' முதல் பதிப்பைக் கையில் பிடிக்க விட்டார்கள். அதன் விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு கார் வாங்கலாம். புதுப் பணக்காரர் ழூர்தேன், சீமானாகப் பார்த்து, வாத்தியார்களை வைத்துக் கத்திச்சண்டையும் நாட்டியமும் படிக்கிற கதை. அவர் மனைவி வீட்டில் நின்று கேலி செய்துகொண்டே இருப்பாள். நான் ஸ்கேலை எடுத்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது என்று அன்றைக்கு நினைத்தேன்.

கனவு காண்பதற்குக் காசு வேண்டாம். என் கனவு 1682-ல் எட்டுத் தொகுதியாக வந்த மொலியேர் முழுத் தொகுப்பு. சும்மா அல்ல, 'தோன் ழுவான்' வெட்டுப்படாத பிரதி. அந்த நாடகம் மொலியேர் உயிரோடு இருந்தவரை அச்சேறவே இல்லை. செத்து ஒன்பது வருஷம் கழித்து அடித்தபோதும், தெய்வ நிந்தனை என்று சில இடங்களை மாற்றச் சொன்னார்கள். அச்சான தாள்களைக் கிழித்துவிட்டு வேறு தாள்களை ஒட்டினார்கள். தப்பிப் பிழைத்த பிரதிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று யாருடையது தெரியுமா? பாரீஸ் போலீஸ் தலைவர் லா ரேனியுடையது. ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டுத் தனக்கு வெட்டாமல் ஒன்று வைத்துக்கொண்டார். அந்தப் பிரதி இன்று தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. என் மனைவிக்கு நிம்மதி.

அவளுக்கு உற்சாகம் ஊட்டலாம் என்று பெரிய சேகரிப்பாளர்களைப் பற்றிச் சொன்னேன். ஸொலேன் என்று ஒருவர், நாடகம் என்று அச்சில் வந்ததையெல்லாம் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். அவருடைய நூலகப் பட்டியலே பல தொகுதி; இன்றைக்கும் வியாபாரிகளுக்கு அதுதான் வேதம்.

"அவர் போனப்புறம்?"

"1842-ல போனார். பிறகு எல்லாம் ஏலத்துக்கு வந்துச்சு."

"ம்."

அந்த 'ம்'முக்குள் ஒரு முழு ஏலமே நடந்து முடிந்தது. அவசரமாக ரோந்தெலுக்குத் தாவினேன். மார்ஸேய்க்காரர், பாங்கு வைத்திருந்தவர், தன் நாடக நூலகம் முழுவதையும் 1920-ல் அரசாங்கத்துக்குத் தானம் செய்தார்; தேசிய நூலகத்தின் நாடகப் பிரிவே அதிலிருந்து வளர்ந்ததுதான். இதை அவள் கவனமாகக் கேட்டாள். மறுநாள் காலையில், தானம் என்றால் வண்டி அனுப்பி அவர்களே வந்து எடுத்துக்கொண்டு போவார்களா என்று விசாரித்தாள்.

பதினேழாம் நூற்றாண்டு கைக்கு எட்டாது என்று உறுதியானதும் படியிறங்கினேன். பதினெட்டு, பத்தொன்பது. இங்கே ஓர் அருமையான உண்மையைக் கண்டுபிடித்தேன்: அபூர்வம் வேறு, கிராக்கி வேறு. ஸ்க்ரீப் என்பவர் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் நாடகம் எழுதித் தள்ளினார். அகாதெமியில் இடம், கொட்டுகிற பணம், ஐரோப்பா முழுக்கப் பேர். இன்றைக்கு அவருடைய முதல் பதிப்புகள் மூன்று யூரோ, நாலு யூரோ. இரண்டு பத்தியாகப் பொடி எழுத்தில், நம் குஜிலிக் கடை நாடகப் புத்தகம் மாதிரி மெல்லிய தாளில் இருக்கும். உலகத்தில் ஏழெட்டுப் பிரதிதான் மிஞ்சியிருக்கலாம். தேடுகிற ஆள் ஒருவன். நான். இந்த வகையில் நாற்பத்தொன்று வாங்கியிருக்கிறேன். என் விருந்தாளிகள் யாரும் இதுவரை இரண்டாவது புத்தகத்தைத் தாண்டி உட்கார்ந்ததில்லை.

முருங்கைக்காய்க்குப் பதிலாக வந்த 'கலே முற்றுகை'யும் அப்படிப்பட்டதுதான், ஆனால் அதற்கு ஒரு கதை உண்டு. 1347-ல் ஆங்கிலேய ராஜாவின் முற்றுகையில் கலே நகரத்துப் பெரியவர்கள் ஊரைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்க முன்வந்த கதையை தெ பெல்லுவா என்பவர் நாடகமாக்கினார். 1765 பிப்ரவரியில் மேடையேறியது. ஏழாண்டுப் போரில் ஆங்கிலேயரிடம் தோற்றுத் தலைகுனிந்திருந்த பிரான்ஸ் அதைப் பார்த்துக் கொண்டாடித் தீர்த்தது. ஜனங்களுக்கு இலவசக் காட்சி, ஆசிரியருக்குக் கலே நகரத்தின் கௌரவக் குடியுரிமை. அந்தப் போரில்தான் 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. கோட்டையையும் ஊரையும் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பாரீஸ் இந்த நாடகத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, புதுச்சேரியைப் பறிகொடுத்த தளபதி லாலி இதே ஊரில் பாஸ்தீய் சிறையில் கிடந்தார். மறுவருஷம் தலையை எடுத்தார்கள்.

"கலேக்கு நாடகம் போட்டாங்க. நம்ம ஊருக்கு?" என்று கேட்டாள் என் மனைவி. முதல் தடவையாகக் கேலி இல்லாத குரல். அந்த நாடகம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, நான் செய்த காரியம்தான் அடுத்தது.

அட்டைத்தோல் வறண்டிருந்தது. பாரீஸ் வீடுகளில் குளிர்காலத்தில் ரேடியேட்டர் எரிந்துகொண்டே இருக்கும். தோல் புத்தகம் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டு ரேடியேட்டர் மேல் இடம் பிடித்து வைத்திருப்பது வடகம். வெயிலில்லாத ஊரில் வடகம் காய வேறு இடம் கிடையாது. அலமாரியை நகர்த்தலாம் என்றேன்; வடகம் நகராது என்றாள். தோலுக்கு எண்ணெய்ப் பசை ஊட்ட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதற்கென்று மெழுகு விற்கிறார்கள். வாங்கப் போனால் இன்னொரு பில். குளியலறையில் தேங்காயெண்ணெய் இருந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை வேறு.

இருநூற்றைம்பது வருஷத்துக் கன்றுத்தோல் எண்ணெய் ஸ்நானத்துக்கு ஏங்கிக்கிடந்தது போல உறிஞ்சியது. இன்னும் கொஞ்சம் விட்டேன். அதையும் உறிஞ்சியது. காலையில் பார்த்தால் எண்ணெய் அட்டையைத் தாண்டி, முகப்பைத் தாண்டி, முதல் அங்கம் மூன்றாம் காட்சிவரை முன்னேறியிருந்தது. கலேயை முற்றுகையிட்ட எட்வர்ட் ராஜாவுக்குக்கூட அவ்வளவு வேகம் கிடையாது. இப்போது அலமாரியைத் திறந்தால் பழைய நூலகத்தின் வாசனை வராது. தலை வாரிப் பின்னின பள்ளிக்கூடப் பெண்ணின் வாசனை வரும்.

கடைசியாக, போன மாதம் நடந்தது. ஐம்பத்தைந்து யூரோவுக்கு லபீஷ் என்பவர் எழுதிய 'இத்தாலிய வைக்கோல் தொப்பி' நாடகம் வாங்கினேன். 1851, மேல்தாளோடு, தைத்தபடியே, தாள் வெட்டாத பிரதி. அந்தக் காலப் பிரெஞ்சுப் புத்தகங்கள் அச்சுத்தாளை மடித்த மாதிரியே வரும்; வாங்கினவன் கத்தியால் மடிப்பை அறுத்துக்கொண்டே படிக்க வேண்டும். வெட்டாமல் இருக்கிறது என்றால் இத்தனை வருஷமாக ஒருத்தரும் படிக்கவில்லை என்று அர்த்தம். சேகரிப்பவனுக்கு இதைவிடப் பெரிய சிறப்பு கிடையாது. மெழுகுத்தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, மருந்து வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அடுக்களையில் சிரிப்புச் சத்தம். தனியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எதிரே லபீஷ். பக்கத்தில் கத்திரிக்காய் நறுக்குகிற கத்தி.

"என்ன பண்ணிட்ட!"

"இவன் குதிரை அந்தம்மாவோட தொப்பியைத் தின்னுடுச்சு. அன்னைக்குத்தான் இவனுக்குக் கல்யாணம். அதே மாதிரி தொப்பி ஒண்ணு வேணும், இல்லாட்டி அந்தம்மா வீட்டுக்குப் போக முடியாது, புருஷன் சந்தேகக்காரன். இவன் பாரீஸ் பூரா தொப்பி தேடி ஓடுறான். பொண்ணு, மாமனார், சொந்தக்காரங்க எல்லாரும் என்னமோ கல்யாணச் சடங்குன்னு நெனச்சு பின்னாலயே ஓடுறாங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஸ்கேலை எடுக்கவில்லை, பில்லை எடுத்தேன். மூன்று அங்கம் அறுபட்டுவிட்டது. மிச்சம் இரண்டு. அதையாவது காப்பாற்றலாம் என்று புத்தகத்தைப் பிடுங்கினேன்.

"சரி, அறுக்கலை. தொப்பி கிடைச்சுதான்னு மட்டும் சொல்லுங்க."

எனக்கு எப்படித் தெரியும்? நான் எங்கே படித்தேன்.

வெட்டாத மடிப்பை லேசாக அமுக்கினால் குழாய் மாதிரி விரியும். கீழேயிருந்து எட்டிப் பார்த்தால் உள்பக்கம் கொஞ்சம் தெரியும். அவள் புத்தகத்தைத் தலைக்குமேல் பிடித்தாள். நான் கைப்பேசி விளக்கை அடித்துக்கொண்டு கழுத்தை வளைத்தேன். ஒரு பக்கம் வலமாக, அடுத்தது உள்ளே ஒளிந்துகொண்டு. சந்தேகக்காரப் புருஷன் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடம் வரைக்கும் வந்தோம். கழுத்து சுளுக்கிக்கொண்டது. கத்தி எங்கே என்று கேட்டது நான்தான்.

தொப்பி கல்யாண வீட்டிலேயே இருந்தது. காது கேட்காத மாமா ஒருவர் கொண்டுவந்த பரிசுப் பெட்டிக்குள். முதல் அங்கத்திலேயே அவர் பெட்டியோடு வருகிறார். நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. திரும்ப முதலிலிருந்து படித்தோம்.

இப்போது அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முப்பது யூரோ தருவார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். என் மனைவி கத்தியைக் கழுவித் துடைத்து அலமாரிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை எதை அறுக்கலாம்?" என்றாள் நேற்று, நாற்பத்தொரு ஸ்க்ரீபையும் விரலால் தடவிக்கொண்டே. "எண்ணெய் நாடகம் வேணாம், கத்தி வழுக்கும்."